நியூ திரியர் உயர்தரப் பாடசாலை

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பொதுப் பாடசாலை என்றால், கட்டணம் வாங்காது மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் பாடசாலை என்பது பொருள். அத்தகைய பாடசாலைகளுள் பெரும் புகழையும், அதற்கு ஈடான கண்டனத்தையும் ஒருங்கே பெற்ற ஒன்றைப்பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். சிக்காகோ மாநகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையை அடுத்து, வினெற்கா என்னும் புறநகர் இருக்கின்றது. அங்குள்ள நியூ திரியர் உயர்தரப் பாடசாலையே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் திரியர் நகர்ப்புறத்திலிருந்து வந்து குடியேறிய உழவர், தம் பழைய ஊரின் பெயரைப் புதிய ஊருக்கும் இட்டனர். பின்னர் புகைவண்டிப் பாதை வந்தது. சிக்காகோவில் தொழில் செய்து பொருளீட்டியோர் ஏரிக்கரையில் மனைகட்டி வாழத் தலைப்பட்டனர். தம் பிள்ளைகளுக்கென ஓர் உயர்தரப் பாடசாலை வேண்டுமென்று அவ்வட்டாரத்தார் 1899ஆம் ஆண்டில் வாக்களித்து முடிவு செய்தனர். 1901ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 76 மாணவருடன் பாடசாலை திறக்கப்பட்டது.

அங்கே கட்டடங்களுக்கும் நீச்சற் றடாகத்துக்கும் குறைவில்லை. அவற்றை விரித்துரைப்பதால் நமக்கு ஆவதொன்றுமில்லை. பாடசாலை அதிபராகிய என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. 1920களில் அங்கு ஆலோசக ஆசிரியர் முறை ஏற்பட்டது. ஒரு சிறு தொகுதி மாணவரை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்து விடுவர். நாள்தோறும் காலையில் அவர் அப்பிள்ளைகளைச் சந்திப்பார். அவர்களின் வீடுகளுக்குச் சென்று பெற்றோரோடு பேசுவார். அவரே அவர்களுக்குப் பொறுப்பு. ஆயிரக்கணக்கானோர் பயிலும் இடத்தில் ஒரு பிள்ளையின் முகம் வாடினால் அதைக் கவனிக்க ஒருவர் இருக்கின்றார் என்பது சிறிய காரியமன்று. இம்முறைக்குப் பெரும் பணம் தேவையில்லை என்று சிலர் கூறுவர். தேவைதான். ஆசிரியரின் நேரமும் பணந்தானே?

அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது? அரசாங்கத் திறைசேரியை நோக்கிப் பழகிய நமக்கு இது சற்றுப் புதுமையாகத் தோன்றும். அங்கு பாடசாலைச் செலவின் பெரும்பகுதி அவ்வட்டாரத்து வீடு, நிலங்கள்மீது விதிக்கப்படும் ஆதனவரியிலிருந்து வருகின்றது. நம்மவர் சோலைவரி என்பார்களே, ஏறக்குறைய அது போன்றது. வீட்டின் விலை உயர்ந்தால் பாடசாலையின் வருவாய் உயரும். பாடசாலையின் புகழ் உயர்ந்தால் வீட்டின் விலை மேலும் உயரும். வட்டாரத்தில் வசிப்போரின் பிள்ளைகளுக்கே இலவச அனுமதி. ஆகவே, பாடசாலைக் கதவைத் திறப்பதற்கு முதலில் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும்.

அந்த வீட்டுக் கதவோ எல்லோருக்கும் திறக்கவில்லை. இதே வட்டாரத்தைச் சேர்ந்த கெனில்வேர்த்தில், வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை காணி உறுதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றி வைத்தல் ஆகாதென 1948இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் தரகர்களின் வாய்ச்சொல் உறுதியிலும் வலிமையுடையதாயிற்று. 1965ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் மாணவர் பலர் வீடுவீடாகச் சென்று, விற்பனைக்கிருந்த வீடுகளின் சொந்தக்காரரிடம் இதுபற்றி வினவினர். அவ்வாண்டு யூலை 25ஆந் திகதி மாட்டின் லூதர் கிங் வினெற்காவின் ஊர்ப் பசும்புல் வெளிக்கு வந்து ஆயிரக்கணக்கான மக்கள்முன் உரையாற்றினார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதங் காட்டுவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல் வந்தது.

நிறத்துக்குத் தடை நீங்கினும் விலைக்குத் தடை நீங்கவில்லை. ஆதனவரியை நம்பிப் பாடசாலை நடத்துவது அரசியலமைப்புக்கு முரணாகாதென, தெக்சாசு மாநில வழக்கொன்றில் 1973இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே வாக்கு வேறுபாடு. 1991இல் எழுத்தாளர் யொனதன் கோசோல் தமது நூலொன்றில் நியூ திரியரையும் சிக்காகோ நகரத்து வறிய பாடசாலைகளையும் அருகருகே வைத்துக் காட்டியபோது நாடெங்கும் பேச்செழுந்தது.

இடையே பாடசாலையின் வளர்ச்சியும் தளர்ச்சியும் உண்டு. 1965இல் நோத்பீல்டில் மேற்குப் பாடசாலை தொடங்கியது. மாணவர் தொகை குறைய, 1981இல் இரண்டும் ஒன்றாயின. 2001 முதல் அந்த மேற்கு வளாகம் முதலாம் ஆண்டு மாணவருக்குரியதாயிற்று.

2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில், சிக்காகோ நகரத்துப் பாடசாலைகள் திறந்த முதல் நாளன்று, அந்நகர மாணவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வகுப்புக்குச் செல்லாது பேருந்துகளில் ஏறி அந்த நோத்பீல்ட் வளாகத்துக்கு வந்தனர். மாநில மேற்சபை உறுப்பினர் யேம்சு மீக்சு அவர்களை அழைத்து வந்தார். பாடசாலையார் மரியாதையோடு வரவேற்று அனுமதிப் படிவங்களைக் கொடுத்தனர். பிள்ளைகள் வரிசையில் நின்று, பெயர், வயது, வகுப்பு என ஒவ்வொன்றாக எழுதினர். முகவரி என்ற இடத்தில் அவர்கள் எழுதியது சிக்காகோ. மாலைக்குள் பேருந்துகள் வந்த வழியே திரும்பின.