செங்கம் சாலைக்கு வந்த நாடகாசிரியர்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, மலையின் தென்புற அடிவாரத்தில் இன்று ரமணாசிரமப் பகுதி என வழங்கும் இடம், 1922இல் ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் அங்கே சமாதி வைக்கப்பட்ட பின்னரே ஆசிரமமாக வளரத் தொடங்கியது. 1934இல் ரமணரைப் பற்றிக் கூறும் பால் பிரண்டனின் இந்தியப் பயண நூல் வெளிவந்தபின் மேலைநாட்டார் பலர் ஆசிரமத்தைத் தேடி வந்தனர். அவர்களுள் ஆன்மிக நாட்டத்துக்குச் சற்றும் பெயர்பெறாதவர், 1938இல் வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம். தமிழ் வாசகர்கள் அவரைக் கதாசிரியராகவே அறிவர். அவருக்குப் பணத்தையும் பெரும்புகழையும் முதலில் ஈட்டித் தந்ததோ நகைச்சுவை நாடகம்.

மருத்துவம் பயின்ற மாம், பல நாடகங்கள் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, 1907இல் அரங்கேறிய ‘லேடி ஃபிரெடரிக்’ வழியாக வெற்றி கண்டார். அடுத்த ஆண்டு அவருடைய நான்கு நாடகங்கள் லண்டனில் ஒரே வேளையில் நடந்தபோது, அவற்றின் விளம்பரங்களுக்கு முன்னே ஷேக்ஸ்பியர் நகம் கடித்து நிற்பதாக ‘பஞ்ச்’ இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டது. அவர் எழுதியது செல்வர் வீட்டு வரவேற்பறையில் நிகழும் நாடகம். அதில் கோமாளித்தனத்துக்கு இடம் குறைவு, மரியாதை குலையாத பேச்சின் அடியில் ஓடும் சுயநலமே சிரிப்பை எழுப்பும். 1921இல் வந்த ‘தி சர்க்கிள்’ நாடகத்தில், காதலுக்காகத் தத்தம் குடும்பத்தைத் துறந்து ஓடிய இருவர் முப்பது ஆண்டுகள் கழித்துச் சீட்டாட்டத்தில் சச்சரவிடும் முதியவர்களாகத் திரும்பி வருகிறார்கள். அந்தக் கோலத்தைக் கண்ணெதிரே கண்ட பின்னும் அவ்வீட்டு இளம் மருமகள் அதே வழியில் புறப்பட்டுவிடுகிறாள். 1926இல் வந்த ‘தி கான்ஸ்டன்ட் வைஃப்’ நாயகியோ, கணவனின் துரோகத்துக்கு அழாமல், தானே சம்பாதித்துத் தன் செலவைத் தானே ஏற்ற பிறகு அவனுக்குள்ள அதே உரிமையைத் தனக்கும் எடுத்துக்கொள்கிறாள். கண்ணகி கதை கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இது இன்றும் கூரிய நகைச்சுவைதான். 1933க்குப் பின் மாம் நாடகம் எழுதுவதையே விட்டுவிட்டார்.

பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்த அம்மனிதர், திருவண்ணாமலையில் ஒருவரைப் பேசாமல் சந்திக்க நேர்ந்தது. ஆசிரமத்தில் வசித்த ஆங்கிலேயரான மேஜர் சாட்விக்கின் இடத்தில் மாம் மயங்கி விழுந்ததால், ரமணரே அங்கு வந்து அவருடன் நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருந்தார். கேள்வி கேட்க மாமுக்கு ஒன்றும் தோன்றவில்லை, மௌனமும் உரையாடலே என்ற கருத்தில் ரமணர் மறுமொழி கூறினார். அம்மயக்கம் சமாதி நிலை, அதாவது மனம் முற்றும் ஒடுங்கிய நிலை, என்று பின்னர் செய்தி பரவியது. மாம் அதைப் பெருமையாக ஏற்றிருக்கலாம். ஆனால் தமக்கு முன்பும் இவ்வாறு மயக்கம் வந்ததுண்டு என்றே எழுதினார். பாசாங்கைக் கலைத்துப் பழகிய நாடகாசிரியரின் கை அங்கே தெரிகிறது.

1944இல் வெளியான ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் ரமணரின் சாயல் கொண்ட ஸ்ரீ கணேசர் வருகிறார். அவருடைய ஆசிரமத்தை மாம் திருவிதாங்கூருக்கு மாற்றிவிட்டார். கடோபநிடதத்தின் கத்திமுனை உவமையிலிருந்து தலைப்பு அமைந்த அந்நாவல் 1946இல் ஹாலிவுட் திரைப்படமானது. ஆயினும் ரமணரைப் பெயர் சொல்லி அவர் எழுதியது 1958இல், ‘பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ’ என்ற கட்டுரைத் தொகுப்பில்தான்; அதில் அருணாசலத்துத் துறவி, கதேயின் நாவல்களுக்கும் ஆங்கிலப் பேராயர் டில்லட்சனின் உரைநடைக்கும் நடுவே இடம்பெற்றிருக்கிறார்.