சுமைதாங்கியும் மூன்றாம் வகுப்பும்

கையிற் காசில்லாதவன் தூரப் பயணம் போவது எப்படி? மலிவான பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நாம் விடை சொல்வோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ‘கட்டுச்சோறு இருக்கிறது, வழியில் மடமும் இருக்கிறது’ என்றே விடை வந்திருக்கும்.

அன்று ஏழையின் வாகனம் அவனது கால்களே. அவன் களைப்பை உணர்ந்தவர்கள் தெருவோரத்தில் மடம் கட்டினார்கள். கிணறும் கேணியும் தோண்டினார்கள். மாடுகள் உடலை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நாட்டினார்கள். பிறர் கைகொடாமலே தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் சுமைதாங்கி அமைத்தார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை அமைப்பது எம்மவர் வழக்கமாயிருந்தது. கோடையில் தண்ணீர்ப்பந்தல்களில் மோர் கிடைத்தது. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தில் கூரையின் கீழே தெருவே செல்கிறது. இரு பக்கமும் வழிப்போக்கர் தங்கத் திண்ணைகள்.

ஆனால், இந்த அறத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. எல்லா மடத்துத் திண்ணையும் எல்லாச் சாதியாருக்கும் இடங்கொடுக்கவில்லை. காசில்லாதவர்களுள்ளும் சிலருக்கு மரநிழலே மடமாயிற்று.

1905ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமை பெற்றது. வன்னிக் காடுகளூடாகப் பல நாள் நடந்த தூரம் சுருங்கியது. மூன்றாம் வகுப்புப் பலகையில் வசதி குறைவுதான். சாதி வேற்றுமையும் அதனால் ஒழிந்துவிடவில்லை. எனினும், அங்கே இடந்தந்தது குலமன்று, சீட்டு. பின்னர் தட்டிவான்கள் வந்தன. கமக்காரரையும் மீன் விற்கும் பெண்களையும் கடகம் மூட்டைகளோடு சந்தைக்கு ஏற்றிச்சென்றன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1958இல் பஸ் சேவை அரசுடைமையாயிற்று. இரந்து பெற்ற இடம், காசு கொடுத்துப் பெறும் உரிமையாயிற்று. மடங்கள் ஆளின்றிப் பாழடைந்தன.

1990இல் போரினால் வடபகுதிக்கான புகையிரதம் நின்றது. 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது, காசுள்ளவனும் இல்லாதவனும் ஒரே வழியில் ஒரே சுமையோடு போனார்கள். கோயில்களும் பாடசாலைகளும் வீடுகளும் அன்று மடங்களாயின. சீட்டு வாங்க வழியற்றுப்போன நாளில் எம்மைத் தாங்கியது பழைய அறமே.

2014 அக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது. மகிழ்ச்சிதான். சீட்டுத் தந்த உரிமையை நாம் ஒருபோதும் விட்டுவிடலாகாது. ஆனால், வீதியை அகலிக்க வருபவர்கள் எங்கள் ஊர்ச் சுமைதாங்கியைப் பெயர்க்க முற்பட்டால், அதனைச் சற்று ஒதுக்கியாவது நாட்டும்படி கேட்போம். ஊர் பேர் அறியாத ஒருவனின் பாரத்தை எண்ணி எம் முன்னோர் வைத்த கல் அல்லவா அது?