எண், விலை, தரம்: அமெரிக்கப் பேஸ்பால் அட்டைப் பரிமாற்றத்தின் வளர்ச்சி

பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் படத்தை முன்புறத்திலும் அவரைப் பற்றிய குறிப்பையோ விளம்பரத்தையோ பின்புறத்திலும் தாங்கிய சிறு தாளட்டையே பேஸ்பால் அட்டை எனப்படுகிறது. அமெரிக்காவில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டப்பட்டு வரும் இவ்வட்டைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எந்த அட்டை எந்த ஏலத்தில் எவ்வளவுக்குப் போயிற்று என்பதிலேயே கண்ணாக இருக்கின்றனர். அதனால், விலை என்ற ஒன்று இவ்வட்டைகளுக்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே அவை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன என்பதும், முகம் அறியாத இருவர் தம்மிடம் மிகுந்ததைக் கொடுத்துக் குறைவதைப் பெற்றுக்கொள்ள வழிசெய்த ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கப்பட்டவை என்பதும் கவனத்துக்கு வருவதில்லை. இங்கே ஆராயப்படுவது அந்த ஏற்பாடுகளின் வரலாறே.

நியூயார்க்கின் பெக் அண்ட் ஸ்னைடர் என்னும் விளையாட்டுப் பொருள் கடை 1869ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் படத்தைத் தன் விளம்பர அட்டையில் அச்சிட்டது உண்டு. ஆயினும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு தொகுதியாகும் அட்டைகள் சிகரெட்டோடுதான் வந்தன. அன்றைய சிகரெட் பொட்டலம் மெல்லிய தாளாலானது. உள்ளிருக்கும் சிகரெட்டுகள் நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டை செருகப்பட்டது. ஜேம்ஸ் பான்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற சிகரெட் சுற்றும் எந்திரம் பரவியபின் உற்பத்தி பெருகி, நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க வழி தேடிய நிலையில், அந்த வெற்றட்டையே படம் ஏறிய பரிசாயிற்று. நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை தன் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டோடு ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களின் புகைப்படங்களை வழங்கியது. நிழற்படக் கூடத்திற்குள் பந்து பறப்பதுபோல் காட்ட அதை நூலில் கட்டித் தொங்கவிட்டனர். சில அட்டைகளில் அந்த நூல் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. 1890இல் குட்வின், ஆலன் அண்ட் ஜின்டர் உள்ளிட்ட ஐந்து பெரிய நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் டொபேக்கோ கம்பெனி ஆனதும் போட்டி ஒழிந்தது, அட்டைகளும் ஒழிந்தன.

அதே நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வெள்ளை விளிம்பு அட்டைத் தொகுதியே இன்று டி206 எனப்படுகிறது. இதன் பின்புறத்தை ஒருமுறை உற்றுநோக்குவது பயனுடையது. பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் போன்ற சிகரெட் பெயர்களோடு '150 படங்கள்', '350 படங்கள்' என மொத்தத் தொகை மட்டும் அச்சாகியிருக்கிறது. அவை யார் யாருடைய படங்கள் என்ற பட்டியல் இல்லை, அட்டையில் வரிசை எண்ணும் இல்லை. எனவே கடைவாசலில் நின்று, சிகரெட் வாங்கி வரும் பெரியவர்களிடம் அட்டை கேட்டு வாங்கிய சிறுவர்கள், தம்மிடம் இருப்பதை அறிவார்களே தவிர இல்லாதது எது என்பதை அறிய வழியில்லை. பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னருடைய அட்டை சிறிது காலத்திலேயே நிறுத்தப்பட்டது. குழந்தைகள் புகையிலை வாங்கத் தம் படம் காரணமாவதை அவர் விரும்பவில்லை என்றும், தமக்குரிய பணம் தரப்படாததால் மறுத்தார் என்றும் இருவகை விளக்கங்கள் உள்ளன. காரணம் எதுவாயினும், அந்த அட்டை கிடைப்பதற்கு அரிது என்பது அக்காலச் சிறுவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஓர் அட்டை அரியது என்று சொல்ல, முழுமை எது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அந்த அறிவை முதலில் தந்தது எண். கிராக்கர் ஜாக் என்னும் தின்பண்டத்தோடு 1914இல் வந்த அட்டைகளுக்கு 144 வரை எண் இடப்பட்டிருந்தது; எண்ணின் வலிமையை வணிகத் தந்திரமாக்கியதோ பாஸ்டனின் கௌடி சூயிங்கம் நிறுவனம். பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த 1933இல் அது வெளியிட்ட தொகுதி 240 அட்டைகள் கொண்டது என்று அறிவிக்கப்பட்டது. பேப் ரூத் ஒருவருக்கே நான்கு அட்டைகள். ஆனால் 106ஆம் எண் அட்டை அச்சிடப்படவே இல்லை. 105உம் 107உம் கையில் இருக்க, இடையிலுள்ளதைத் தேடிச் சிறுவர்கள் தொடர்ந்து சூயிங்கம் வாங்குவார்கள் என்பதே நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கருதுகின்றனர். முறையிட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும் 1934இல் நெப்போலியன் லாஜோயின் படத்தோடு 106ஆம் அட்டை தபாலில் அனுப்பப்பட்டது. எஞ்சியிருக்கும் சிலவற்றில், கடிதத்தோடு சேர்த்துச் செருகிய கிளிப்பின் தடம்கூடப் பதிந்திருக்கிறது. பரிமாற்றத்தைப் பொறுத்தவரை இந்நிகழ்ச்சியின் பயன் வேறு. எண் வந்தபின் இரு சிறுவர்களுக்கிடையே பேரம் சுருங்கிவிட்டது: ஒருவன் தன்னிடமுள்ள இரட்டைகளை, அதாவது இரண்டாம் படிகளை, ஒவ்வொன்றாகத் தள்ள, மற்றவன் 'இருக்கு', 'வேணும்' என்ற இரண்டே சொற்களில் பதில் சொல்லிக்கொண்டு போகலாம். ஒன்றுக்கு ஒன்று என்பதே வழக்கு. பெரிய ஆட்டக்காரருக்கு மட்டும் இரண்டோ மூன்றோ கூடுதலாகக் கேட்கப்பட்டது.

வளர்ந்தவர்களின் பரிமாற்றம் வேறு வகைப்பட்டது. அவர்கள் தொலைவிலுள்ள ஊர்களில் சிதறி வாழ்ந்தனர். அவர்கள் தேடிய பழைய அட்டைகளுக்கோ பெயருமில்லை, எண்ணுமில்லை. கடிதத்தில் 'வெள்ளை விளிம்புச் சிகரெட் அட்டை' என்று எழுதினால் எதிரிலிருப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? இந்த இடரைத் தீர்த்தவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உதிரிகளைப் பொருத்தும் வேலை பார்த்த ஜெபர்சன் பர்டிக் (1900–1963). கடும் மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிவந்த இம்மனிதர் பேஸ்பாலில் தனி ஈடுபாடு கொண்டவராக அறியப்படவில்லை. வாழ்த்தட்டை, அஞ்சலட்டை, விளம்பரத்தாள் என அச்சான சிறு தாள் எதையும் அவர் ஒரே மதிப்போடு பார்த்தார். 1937இல் சேகரிப்பாளருக்கான செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கிய அவர், 1939இல் அமெரிக்க அட்டைகளின் முதல் விரிவான பட்டியலை வெளியிட்டார். பின்வந்த பதிப்புகளில் அது 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்று பெயர் பெற்றது.

அவருடைய முறை எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' என்ற எழுத்து, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி', தொடக்ககால மிட்டாய் அட்டைகளுக்கு 'இ', அண்மைக்கால சூயிங்கம் அட்டைகளுக்கு 'ஆர்'. எழுத்தைத் தொடர்ந்து தொகுதியைக் குறிக்கும் எண். ஓல்ட் ஜட்ஜ் என்172 ஆயிற்று, 1933ஆம் ஆண்டுக் கௌடி ஆர்319 ஆயிற்று. இக்குறியீடு வழக்கில் ஏறியபின் சிரக்யூஸில் இருப்பவரும் கலிபோர்னியாவில் இருப்பவரும் ஒரு வரியில் ஒன்றையே குறிப்பிட முடிந்தது. தேவைப் பட்டியலும் இருப்புப் பட்டியலும் உறையில் போய்வரத் தொடங்கின. பர்டிக் விலையும் குறித்தார் என்பது உண்மை. ஆனால் சாதாரண அட்டைகளுக்கு அவர் இட்டது சில சென்ட்டுகளே, வாக்னர் அட்டைக்கு 50 டாலர். சந்தையை அளப்பதைவிட, கொடுக்கல் வாங்கலில் யாரும் ஏமாறாதிருக்க ஓர் உத்தேசம் சொல்வதே அவர் கருத்தாக இருந்தது எனலாம்.

தம் சேகரிப்பு முழுவதையும், ஏறத்தாழ மூன்று இலட்சத்து மூவாயிரம் உருப்படிகளை, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு அவர் வழங்கினார். அவற்றுள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை பேஸ்பால் அட்டைகள். அச்சோவியப் பிரிவின் பொறுப்பாளர் ஹயட் மேயரின் ஆதரவோடு, அங்கேயே அமர்ந்து அவற்றைத் தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்து, இரு மாதங்களில் பர்டிக் காலமானார். பசை தடவி ஒட்டிய அட்டை இன்றைய சந்தையின் கண்ணில் பழுதானது என்பதை நினைத்தால், அட்டை உலகின் மிகப் பெரிய கொடையே இக்காலத் தரச்சான்றுக்குத் தேறாது என்ற விந்தை விளங்கும்.

இதற்கிடையே சிறுவர்களின் உலகை டாப்ஸ் என்னும் புரூக்ளின் நகரச் சூயிங்கம் நிறுவனம் தன்வசப்படுத்தியிருந்தது. சை பெர்கர், உடி கெல்மன் ஆகியோர் வடிவமைத்த 1952ஆம் ஆண்டுத் தொகுதி 407 அட்டைகளைக் கொண்டது. அணியின் சின்னம், வண்ணப்படம், பின்புறத்தில் முந்தைய ஆண்டின் ஆட்டக் கணக்கும் மொத்தக் கணக்கும் என இன்றைய அட்டையின் உறுப்புகள் அனைத்தும் அதில் ஒருங்கே அமைந்தன. 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி கடைக்கு வருவதற்குள் பருவம் முடியும் தறுவாயில் இருந்ததால் பெருமளவு தேங்கிற்று; அந்தத் தேக்கத்தை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் கூறினார். ஆட்டக்காரர் படத்தின் மீதான உரிமைக்காகப் பிலடெல்பியாவின் போமன் என்னும் போட்டி நிறுவனத்தின் தரப்பு தொடுத்த வழக்கில் 1953இல் நீதிபதி ஜெரோம் பிராங்க் அளித்த தீர்ப்பு, ஒருவர் தம் உருவத்தின் வணிகப் பயனைத் தாமே ஆளும் 'விளம்பர உரிமை' என்ற கருத்தை அமெரிக்கச் சட்டத்துக்குத் தந்தது. மூன்றாண்டுகளில் டாப்ஸ் போமனை வாங்கிவிட்டது. 1957இல் அட்டையின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என நிலைத்தது. அளவு ஒன்றாயிற்று என்பது சிறு செய்தியன்று. ஒரே பெட்டியிலும் ஒரே உறையிலும் எந்த ஆண்டின் அட்டையையும் வைக்கலாம், அனுப்பலாம் என்றாயிற்று.

டாப்ஸ் 1973 வரை தன் அட்டைகளைப் பகுதி பகுதியாகப் பருவம் முழுவதும் வெளியிட்டு வந்தது. கடைசிப் பகுதி எல்லா ஊர்களையும் எட்டவில்லை. ஆகவே உள்ளூர்ப் பண்டமாற்றால் நிரப்ப முடியாத இடைவெளிகள் எங்கும் எஞ்சின. அச்சிறுவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன காலத்தில் அந்த இடைவெளிகளே அவர்களைத் தபாலுக்கும், 1973இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் டைஜஸ்ட்' போன்ற இதழ்களுக்கும், விடுதிக் கூடங்களில் மேசை போட்டு நடந்த சந்திப்புகளுக்கும் இட்டுச்சென்றன. 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதல் தேசிய மாநாடு கூடியது.

மேசை வந்த இடத்தில் விலைச்சீட்டும் வந்தது. புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட் பல ஊர் வணிகர்களிடம் விலைகளைக் கேட்டுத் தொகுத்து 1979இல் டென்னிஸ் எக்ஸுடன் இணைந்து விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1984இல் அது மாத இதழாயிற்று. பர்டிக்கின் பட்டியல் 'எது' என்ற கேள்விக்கு விடை தந்தது என்றால், பெக்கெட்டின் கையேடு 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை தந்தது. அதன்பின் பள்ளிச் சிறுவர்கள்கூட இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நான்கு டாலர் அட்டைக்கு ஒரு டாலர் அட்டைகள் நான்கு என்று கூட்டிப்பார்த்தே மாற்றினர். தனக்குப் பிடித்த ஊர் அணியின் சாதாரண ஆட்டக்காரருக்காக மேலான ஒன்றை விட்டுக்கொடுப்பது பழைய முறையில் நியாயமான மாற்று. கையேட்டின் முன்னால் அது ஏமாளித்தனமாயிற்று. முகமறியாதவர்களுக்கிடையே நம்பிக்கையை வளர்த்த அதே கருவி, அறிந்தவர்களுக்கிடையே இருந்த தாராளத்தைக் குறைத்தது என்று மதிப்பிடுவது மிகையாகாது.

நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் விளைவாக 1981இல் பிளீர், டான்ரஸ் நிறுவனங்களும், 1989இல் பொய்யட்டையைத் தடுக்கும் ஹோலோகிராம் முத்திரையோடு அப்பர் டெக்கும் களமிறங்கின. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மக்கள் பெட்டி பெட்டியாகப் பதுக்க, நிறுவனங்கள் அதற்கேற்ப அச்சிட்டுத் தள்ளின. 1994இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் இரத்தானபோது, ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்த சந்தை சரிந்தது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் ஒருபோதும் அரிதாகாது என்ற எளிய கணக்கு அன்று யார் காதிலும் ஏறவில்லை.

மூன்றாவது கருவியான தரச்சான்று இச்சரிவுக்குச் சற்று முன்பே பிறந்தது. 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ நிறுவனம், அட்டையின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்த விதம் ஆகியவற்றைச் சோதித்துப் பத்துக்குள் மதிப்பெண் இட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் முறையைக் கொண்டுவந்தது. தொலைவிலிருந்து வாங்குபவர் இனி விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்நிறுவனம் முதன்முதலில் சான்றளித்தது, அதே ஆண்டு 4,51,000 டாலருக்கு ஏலம் போன வாக்னர் அட்டைக்குத்தான். எட்டு மதிப்பெண் பெற்ற அந்த அட்டையின் விளிம்புகளைத் தாம் முன்பே வெட்டிச் சீராக்கியதாக ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நம்பிக்கைக்கு மாற்றாக வந்த ஏற்பாட்டின் முதல் சான்றே இப்படி அமைந்தது. எனினும் முறை குலையவில்லை, மேலும் வலுத்தது. 2022 ஆகஸ்டில் 9.5 தரம் பெற்ற 1952ஆம் ஆண்டு மிக்கி மேன்டில் அட்டை 1.26 கோடி டாலருக்கு விற்றது. அவ்வட்டை தன் தொகுதியின் கடைசிப் பகுதியில் மற்றவற்றைவிட இருமடங்கு அச்சானது. அங்கே விலை பேசியது அருமையை அன்று, ஆட்டக்காரரின் பெயரையும் மூலைகளின் கூர்மையையுமே.

ஆயினும் மேற்கூறிய கருவிகளுள் விலைக் கையேடும் தரச்சான்றும் எட்டாத பரப்பு ஒன்று உண்டு, அதுவே பரப்பளவில் பெரியது. 1980களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் அச்சான அட்டைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தரச்சான்றுக் கட்டணமே அட்டையின் விலையைப் பலமடங்கு மிஞ்சிவிடுகிறது; தனித்தனியே விற்றால் தபால்தலைச் செலவுக்கும் கட்டாது. ஆகவே இத்தொகுதிகளை நிரப்ப விரும்புவோர் இன்றும் எண்களை மட்டும் எழுதிய தேவைப் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரட்டைகளை மாற்றிக்கொள்கின்றனர். நூறு அட்டைகள் ஒரே பெட்டியில் போகின்றன, நூறு திரும்பி வருகின்றன, இரு பெட்டிகளின் மதிப்பையும் கூட்டிப்பார்ப்பது யாருக்கும் வேலையாக இருப்பதில்லை.