குழாய் ஒப்பந்ததாரர் உரிமம் (மாசசூசெட்ஸ் சிறுநகரங்கள்)

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தெருவில் ஓடும் முதன்மைக் குழாயோடு வீட்டுக் கழிவுநீர், குடிநீர்க் குழாய்களை இணைப்பவருக்குப் பல ஊர் நிர்வாகங்கள் தனியே வழங்கும் அனுமதி இது. பிளம்பர்களுக்கு மாநிலமே தேர்வு வைத்து உரிமம் தரும்போது ஊர் உரிமம் வேறு எதற்கு? மாநில பிளம்பிங் விதிகளின்படி, கழிவுக் குழாயில் பிளம்பரின் எல்லை கட்டடச் சுவரைத் தாண்டி 10 அடியோடு முடிகிறது. அதற்கப்பால் தெரு வரை குழாய் பதிப்பது வேறு தொழில்; அந்த இடைவெளியில் ஊர் நிர்வாகம் நுழைகிறது.

அது கேட்பவற்றைப் பார்த்தால், திறமையை அளப்பதைவிடப் பின்னால் யாரைப் பிடிப்பது என்பதே அதன் பெரிய கவலை என்று புரியும். சில ஊர்கள் தேர்வும் வைக்கின்றன. ஆனால் பொதுவாகக் கேட்கப்படுபவை முன் அனுபவச் சான்று, பொறுப்புக் காப்பீடு, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, பிணைப் பத்திரம் ஆகியவையே. இவற்றில் பிணைப் பத்திரம்தான் உயிர்நாடி. சரியாகக் கெட்டிக்காமல் மூடிய பள்ளம் பனிக்காலம் கழிந்ததும் சாலையோடு உள்வாங்கும்; ஒப்பந்ததாரர் அதற்குள் கடையைக் கட்டியிருந்தாலும் செலவைப் பத்திரத்திலிருந்து ஊர் எடுத்துக்கொள்ளலாம். மண் மூடுமுன் ஆய்வாளர் வாட்டத்தையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். வீட்டின் இரு மூலைகளிலிருந்து இணைப்பு எத்தனை அடி என்று குறித்த வரைபடமும் தரவேண்டியிருக்கும். பல ஆண்டுகள் கழித்து அடைப்பு எடுக்க வருபவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.

பள்ளமே ஆபத்தானது. குளிரில் உறையாதிருக்கக் குடிநீர்க் குழாயை ஏறக்குறைய 5 அடி ஆழத்தில் புதைப்பது இங்கே வழக்கம். கெட்டிப் பாறையல்லாத மண்ணில் சரிவுத் தடுப்பு வேண்டுமென்று கூட்டரசின் பணிப் பாதுகாப்பு விதி சொல்லும் ஆழமும் அதே 5 அடிதான். 3 அடிக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு மாநில விதிப்படி தனி அனுமதியும் வேண்டும். தோண்டுவதற்கு 72 மணி நேரம் முன்பே தகவல் சொன்னால், புதைந்திருப்பவற்றின் மேல் தரையில் நிறக்குறி இடுவார்கள்: குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை.

தொழில் உரிமங்கள் போட்டியைக் குறைத்துக் கூலியை ஏற்றுகின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-இல் வெளியிட்ட நூலில் மருத்துவ உரிமத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் வாங்குபவர் தரத்தைக் கண்டறிய முடிந்தால்தான் அந்த வாதம் நிற்கும். சுவர்ப் பூச்சு மோசமென்றால் வீட்டுக்காரருக்கே தெரியும். மண்ணுக்கடியில் வாய்விட்ட குழாய் இணைப்பு தெரியாது. அதன் வழியே புகும் நிலத்தடி நீரும் கழிவோடு சுத்திகரிப்பு நிலையம் போகிறது. அந்தச் செலவு ஊரார் அனைவரின் கட்டணத்திலும் ஏறுகிறது. தன் நிலத்தில் யாரைக் கொண்டு தோண்டினாலும் தன் பாடு என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாததும் இதனால்தான்.

இருந்தாலும் ஃப்ரீட்மன் சொன்னதில் பாதி இங்கே பொருந்தும். சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் உரிமம் பெற்றவர் இருவரோ மூவரோ என்றால் விலையை அவர்களே வைப்பார்கள். அடுத்தடுத்த ஊர்களில் வேலை எடுப்பவரை ஒவ்வோர் ஊரிலும் தேர்வெழுத வைப்பதால் குழாய் ஒன்றும் உறுதியாவதில்லை. பக்கத்து ஊரின் தேர்வையும் காப்பீட்டுச் சான்றையும் ஏற்றுக்கொண்டு, பிணைப் பத்திரத்தை மட்டும் தன் பெயருக்குத் தனியாகக் கேட்டால் ஊருக்கு எந்த நட்டமும் இல்லை.