மணலே அரண்: குளச்சல் கரையின் வரலாறு

குளச்சல் என்றதும் நம்மில் பலருக்கு 1741-ஆம் ஆண்டுப் போரே நினைவுக்கு வரும். மிளகு வாணிகத்தைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள முனைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கரையில் இறங்கி முகாமிட்டனர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை அவர்களை வளைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் தோற்றனர். சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். வெற்றித் தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது. அந்தப் போர் நடந்த மணலுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அவ்வாறுதான் தொடங்கியது. இன்று அது மத்திய அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. மிளகுக்காக வந்தவர்கள் தோற்றுப் போனார்கள். மணலுக்காக வந்தவர்களோ தோற்கவில்லை.

அந்த மணல் சும்மா கிடப்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் அதை அரித்துச் செல்லும். கடல் அமைதியுறும் மாதங்களில் அதுவே மெல்லத் திரும்பி வரும். அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் வேரோடிய மணல்மேடு இந்த வரவு செலவுக்கான சேமிப்பு. மேட்டை அகற்றிவிட்டால் அடுத்த பருவத்தில் கடல் எடுத்துக்கொள்வது வீட்டைத்தான்.

2004 டிசம்பர் 26 இதைக் கொடிய முறையில் காட்டிற்று. குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்கள் மாண்டன. குளச்சலும் கொட்டில்பாடும் பேரிழப்புக்கு உள்ளாயின. கடற்கரையை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் அங்கே குறுக்கே கிடந்தது. அலைக்கு அஞ்சி உள்ளே ஓடியவர்களில் பலர் அதில் வீழ்ந்து இறந்தனர். கரையில் நாம் வெட்டுவதும் கட்டுவதும் எவர் உயிரில் போய் முடியும் என்பது வெட்டும்போது தெரிவதில்லை.

கிணற்றையும் ஆற்றையும் சுற்றி, பிறர் தோண்டவோ கட்டவோ கூடாத ஒதுக்கு நிலத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘ஹரீம்’ என்று வகுத்துள்ளன. நீரின் நலனுக்காக நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த 1991-ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கையிலும் அந்த எண்ணத்தின் சாயலைக் காணலாம். ஆனால் 2019-இல் வெளியான அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிக்க ஊர்ப்புறக் கரைகளில் கட்டுமானமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. நெருக்கம் மிக்க இடத்தில்தான் அலைக்கு இரையாகும் உயிர்களும் மிகுதி. இந்தச் சலுகை நமக்கு விளங்கவில்லை.

அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டுகிறார்கள். தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். படகு அணைய அவை உதவுவது உண்மை. எனினும் வளைவின் ஒருபுறம் மணல் சேர, மறுபுறத்து ஊர் அரிக்கப்படுகிறது. அந்த ஊராரும் வளைவு கேட்கிறார்கள்.

2016-இல் குளச்சலுக்கு அருகே இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் இசைவளித்தது. மீனவ மக்கள் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் திட்டம் கிழக்கே கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது; அக்கரையில் வாழ்வோரும் அதை ஏற்கவில்லை.