ஆறுமுகமா, சாவ் சீ கியோங்கா? – நம் நாட்டுக் கோல் காவலர்களைப் பற்றிய ஒரு வழக்கு



ஆகஸ்டு மாதம் வந்தால் எங்கள் பள்ளியில் சுதந்திர மாத நிகழ்ச்சிகள் தொடங்கிவிடும். அவற்றுள் ஒன்றாக, 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "சார், கோல் காவலர் முத்து உண்மையாகவே இருந்தாரா? அவர்தான் நம் நாட்டிலேயே சிறந்தவரா?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்கு விடை எளிது. அப்படம் மெய்ப்பெயர்களைப் பயன்படுத்தவில்லை. முத்து என்னும் பாத்திரத்தைப் பார்க்கும் எவருக்கும் நினைவுக்கு வருபவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடித்த காரணத்தால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த மனிதர். இரண்டாவது கேள்விக்குத்தான் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வருவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்து முடிந்தது.

என் தந்தையார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்; பின்னர் செம்பனைக்கு மாறியவர். ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தும் அவர் சிலாங்கூர் அணியின் ஆதரவாளர். காரணம் ஆறுமுகம் ஒருவரே. 1991ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூர் 3–1 என்று சிலாங்கூரை வென்றபோது தோட்டமே கொண்டாடியது. அவர் மட்டும் வாசலில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆறுமுகம் இறந்தே அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பற்று என்பது அப்படிப்பட்டது!

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்ற ஆட்டத்தைத் தந்தையார் வானொலியில் கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றின் இறுதியாட்டம் அது. எதிரணி தென் கொரியா. 2–1 என்று மலேசியா வென்றது. ஜேம்ஸ் வோங் அடித்த கோலைப் பற்றி எல்லாரும் பேசுவர். அந்த முன்னிலையைக் கடைசி நிமிடம் வரை காத்தவரைப் பற்றித் தந்தையார் பேசுவார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. நமக்குரிய இடத்தில் ஈராக் போய் விளையாடியது. ஆகவே, தம் வாழ்வின் உச்சத்தில் இருந்த அந்த ஆட்டக்காரர்களை உலகம் பார்க்கவே இல்லை. இதனை நான் ஒரு பெரும் இழப்பாகவே கருதுகின்றேன்.

மாணவனின் கேள்வியை அன்றிரவு தந்தையாரிடம் சொன்னேன். "இதில் என்னப்பா சந்தேகம்?" என்றார். எனக்கோ சந்தேகம் இருந்தது. சாவ் சீ கியோங் இருக்கிறாரே!

எங்கள் வட்டாரத்து மளிகைக் கடைக்காரரான சீனப் பெரியவர், இளமையில் காற்பந்துப் பைத்தியமாக இருந்தவர். ஆறுமுகத்தின் பெயரை எடுத்தாலே அவர், "நல்லவர்தான், ஆனால் நீ சாவ் சீ கியோங்கைப் பார்த்ததில்லை" என்பார். ஈப்போவில் பிறந்த சாவ் சீ கியோங், பதின்ம வயதிலேயே நாட்டுக்காகக் களமிறங்கியவர். 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று போற்றப்பட்டவர். மலேசியாவில் காற்பந்தை நம்பிப் பிழைக்க முடியாத அக்காலத்தில் ஹாங்காங் சென்று தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடினார். 2018ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது ஹாங்காங்கிலும் அவரை நினைவுகூர்ந்து எழுதினர். அயல்நாட்டார் விலை கொடுத்து அழைத்துச் சென்ற கோல் காவலர் நமக்கு வேறு எவர் இருந்தார் என்பது கடைக்காரரின் வாதம். மறுப்பதற்கு எளிதான வாதமன்று.

இவ்விடத்தில் சற்று நின்று, இத்தகைய வாதங்களின் இயல்பைக் காண வேண்டும். அமெரிக்கர்களின் காற்பந்து வேறு வகை. அதில் பந்தைக் கையில் பெற்றுத் தாக்குதலை நடத்துபவரைக் 'குவாட்டர்பேக்' என்பர். ஜோ மொன்டானா பெரியவரா, டாம் பிரேடி பெரியவரா என்று அவர்கள் ஓயாமல் வாதிடுவர். மொன்டானா நான்கு முறை 'சூப்பர் போல்' வென்றவர். பிரேடி ஏழு முறை. அப்படியானால் வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. காலப்போக்கில் விதிகளை மாற்றிப் பந்தை வீசுவதை எளிதாக்கிவிட்டார்களே, முன்னவர்கள் பட்ட அடியைப் பின்னவர்கள் படவில்லையே என்று மறுபடியும் தொடங்கும். ஆனால், அவர்களிடம் ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கு உண்டு. நம்மிடம் என்ன உண்டு?

நம் நிலைக்கு ஒரு சான்று கூறுகின்றேன். ஆறுமுகத்தின் முன்னே தற்காப்பு அரணாக நின்ற சோ சின் ஆன், நாட்டுக்காக 252 ஆட்டங்கள் ஆடியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. மன்றங்களுக்கு எதிரான ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தபின், ஃபிஃபா 2021ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 195. அதுவே உலகின் முன்வரிசையில் வைக்கத்தக்க எண்ணிக்கைதான். ஆயினும், ஆடி முடித்துப் பல பத்தாண்டுகள் கழித்தா ஒரு நாடு தன் வீரனின் ஆட்டங்களை எண்ணிப் பார்ப்பது? எத்தனை ஆட்டம் என்பதற்கே இந்நிலை என்றால், ஆறுமுகம் எத்தனை உதைகளைத் தடுத்தார் என்பதற்கு எங்கே போவது? பார்த்தவர்களின் நினைவு ஒன்றே ஏடு.

காலத்தை ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோல் கம்பத்தின் அளவு மாறவில்லை, 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அன்றும் இன்றும் அதுவே. மற்றவை யாவும் மாறிவிட்டன. சாவ் சீ கியோங் காலத்துத் தோல்பந்து மழையில் நீரைக் குடித்துக் கனத்துப் போகும். இன்றைய பந்து நீரைக் குடிப்பதில்லை. மாறாகக் காற்றில் நெளிந்து ஏமாற்றுகிறது. 1992ஆம் ஆண்டுக்கு முன்பு, தன் அணியினர் காலால் பின்னே தட்டிவிடும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கலாம். பின்னர் அது குற்றமாயிற்று. அதன் பின்னரே கோல் காவலர் காலாலும் விளையாடக் கற்க வேண்டியவரானார். ஆறுமுகத்தை இன்றைய ஆட்டத்தில் நிறுத்தினால், பின்தட்டிய பந்தைக் காலால் என்ன செய்திருப்பார்? இன்றைய காவலரை 1975ஆம் ஆண்டின் சேற்றுத் திடலில் நிறுத்தினால், அந்தக் கனத்த பந்தை எப்படிப் பிடித்திருப்பார்? இரண்டுக்கும் விடையில்லை. ஆகவே, ஒருவரை அவர் காலத்துப் பந்தோடும் எதிரிகளோடும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் துணிபு.

அப்படிப் பார்த்தால் 1960கள் சாவ் சீ கியோங்குடையவை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்கு மலேசியா சென்றபோது லிம் ஃபோங் கீ போன்றோர் அவ்விடத்தை நிரப்பினர். அமெரிக்காவை 3–0 என்று வென்றோம். மேற்கு செர்மனியிடம் 0–3, மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றோம். அதன் பின் 1970களின் நடுவிலிருந்து 1980களின் முற்பகுதி வரை ஆறுமுகத்தின் காலம். 1977இல் கோலாலம்பூரிலும் 1979இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுப் போட்டித் தங்கம். இரண்டாவதை இந்தோனேசியாவின் சொந்த மண்ணில், அவர்களின் கூச்சலுக்கு நடுவே, மொக்தார் டஹாரியின் ஒரே கோலைக் கொண்டு வென்றோம். 1–0 என்னும் வெற்றியில் ஒன்றை அடித்தவருக்குச் சிலை வைப்பர். சுழியத்தைக் காத்தவர் யார் என்று கேட்க மாட்டார்கள்.

1988ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் மாண்டார். வயது 35. எனக்கு ஒன்பது வயது. தந்தையார் அழுது நான் பார்த்தது இரண்டு முறை. பாட்டி இறந்தபோது ஒன்று, அன்று ஒன்று. வீட்டில் உறவினர் எவரோ இறந்துவிட்டதாகவே நான் எண்ணிக்கொண்டேன். மறுநாள் தோட்டத்துத் திடலில் பெரிய பையன்களுக்குள் யார் கோல் காவலராக நிற்பது என்று சண்டை. வழக்கமாக அங்கே சின்னவனையோ ஓட முடியாதவனையோதான் நிறுத்துவார்கள். அன்று மட்டும் எல்லாருக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது.

1990களைப் பற்றிப் பேசவே பலருக்கு மனமில்லை. 1994–95இல் வெளிவந்த ஆட்டச் சூதாட்ட ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். அக்காலத்துக் கோல் காவலர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. முன்வரிசை ஆட்டக்காரர் பந்தை வெளியே உதைத்தால் அது தவறு. காவலர் ஒரு பந்தை விட்டுவிட்டால் அது விலை! கைரூல் அஸ்மான் முகமது போன்றோர் அந்தச் சந்தேகக் காற்றில் நின்று அணியை மீண்டும் தூக்கி நிறுத்தினர். 1996ஆம் ஆண்டு டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் தாய்லாந்திடம் ஒரே கோலில் தோற்றோம். சிறந்தவர் பட்டியல் போடுவோர் இந்தப் பத்தாண்டைத் தாண்டிக் குதிப்பது நேர்மையன்று.

பிறகு வந்தவர் கிளந்தானின் கைரூல் ஃபாமி சே மாட். 2010ஆம் ஆண்டு சுசுகி கிண்ணத்தைப் பயிற்றுநர் கே. ராஜகோபால் தலைமையில் மலேசியா வென்றபோது அவருக்கு 21 வயது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் இறுதியாட்டத்தில் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியைத் தடுத்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் கோலாலம்பூரில் பெற்ற 3–0 முன்னிலை அன்றே ஆட்டம் கண்டிருக்கும். மறு ஆண்டும் அதே அரங்கில், அதே இந்தோனேசியாவுக்கு எதிராக, பெனால்டி முறையில் சீ போட்டித் தங்கம் கிட்டியது. ஆறுமுகம் நின்ற 1979ஐ நேரில் அறிந்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

எங்கள் ஜொகூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் ஃபரிசால் மர்லியாஸ் என்பர். இன்னும் சிறியவர்கள் சிஹான் ஹஸ்மி என்பர். அதில் வியப்பில்லை. ஜொகூர் டாருல் தாசிம் 2014 முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் வென்ற அணி. ஆனால், வலுவான அணியின் காவலருக்கு வேலை குறைவு. எண்பது நிமிடம் சும்மா நின்று, வரும் ஒரே பந்துக்கு விழித்திருக்க வேண்டும். அது ஒரு தனித் திறன். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுடன் 3–3 என்று சமன் கண்டோமே, அன்று சிஹான் ஹஸ்மிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, ஓயாத தாக்குதல். மூன்று கோல் விட்டவரைப் பாராட்ட முடியுமா என்று ஒரு மாணவன் கேட்டான். அந்த ஆட்டத்தை முழுமையாகப் பார் என்றேன்.

சரி, தீர்ப்புக்கு வருகின்றேன். தமிழன் என்பதாலும் அப்பாவின் மகன் என்பதாலும் என் மனம் ஆறுமுகத்தின் பக்கமே சாய்கிறது. சாய்கிறது என்பதனாலேயே அதனை ஐயுற வேண்டியிருக்கிறது. தனித்திறனில் சாவ் சீ கியோங்கே முதல்வர் என்று முடிவு செய்தேன். ஆசியா முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒன்றை நான் மட்டும் மறுப்பதற்கில்லை. ஆனால், எந்தக் காவலர் இல்லாவிட்டால் இந்நாட்டின் காற்பந்து வரலாறு வேறாகியிருக்கும் என்று கேட்டால், ஆறுமுகம் என்பேன். மறுநாள் மாணவர்களிடம் இவ்வாறே சொன்னேன். "அப்படியென்றால் ரெண்டு பேருமா சார்?" என்றான் அந்தப் பையன். அவனுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

தந்தையாருக்கும்தான். மாலையில் என் முடிவைச் சொன்னதும், "படித்தவன் பேசுகிற பேச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், தேநீரை வைத்துவிட்டு வந்த என்னை அழைத்து, தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவு" என்றார். "இல்லை, இதற்கும் மேலே. நீ பார்க்கவில்லை."

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துத் 'தமிழ் நேச'னின் விளையாட்டுப் பக்கமொன்றை அவர் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். தோட்ட வீட்டைக் காலி செய்தபோது பெட்டியைத் திறந்தால் கரையான் தின்றது போக ஓரத்துத் தாள்தான் மிச்சம். 'நேச'னும் 2019இல் நின்றுவிட்டது. வாசகர்களுள் எவரிடமேனும் அக்காலத்து நாளிதழ்ப் பக்கங்களோ, ஆறுமுகம் பந்தைப் பிடிக்கும் படமோ இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகின்றேன். அப்பாவுக்கு எண்பது ஆகப்போகிறது.