சீன வைத்தியமும் நமது பழமைவாதமும்: சில குறிப்புகள்

மிச்சத்தில் என்னோடு தொழிற்சாலையில் இரவு வேலைசெய்யும் நண்பர் ஒருவர் தோள்மூட்டு வலிக்குச் சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொள்கிறார். வலி குறைந்திருக்கிறது என்கிறார். அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை எழுதத் தூண்டியது: "சீனன் ஐயாயிரம் வருசமாய் ஒண்டையும் மாத்தாமல் காப்பாத்தி வைச்சிருக்கிறான். நாங்கள்தான் எங்கட பரியாரிமாரைக் கைவிட்டிட்டம்." புகலிடத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இதன் இரண்டு பகுதிகளும் வரலாற்றின் முன் நிற்கமாட்டா.

மூலிகைக் கஷாயம், குத்தூசி, மாசிபத்திரி இனத்து இலையை உருட்டிக் கொளுத்திச் சூடு கொடுத்தல், குவளை வைத்து உறிஞ்சுதல், துய்னா எனப்படும் பிடித்துவிடல், ச்சிகொங் மூச்சுப்பயிற்சி ஆகியவையே சீன மரபு வைத்தியத்தின் பிரதான சிகிச்சைகள் என்று இன்று சொல்லப்படுகின்றன. உடலின் தடங்களில் 'ச்சி' என்ற உயிராற்றல் ஓடுகிறது, அது தடைப்படுவதே நோய் என்ற கருத்து இவற்றை ஒன்றாகக் கட்டுகிறது. ஆனால் இவை ஒரே காலத்துப் பிள்ளைகளல்ல. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்டுய் கல்லறை 1973இல் அகழப்பட்டபோது கிடைத்த வைத்தியச் சுவடிகள் தடங்களைப் பற்றியும் சூடு கொடுப்பதைப் பற்றியும் பேசுகின்றன. அத்தடங்களில் ஊசி குத்துவது பற்றி அவற்றில் இல்லை. பின்னாளில் செல்வாக்குப் பெற்ற குத்தூசியை 1822இல் டாவோகுவாங் பேரரசர் அரச வைத்தியக் கழகத்திலிருந்து நீக்கினார்.

1929இல் நான்ஜிங் அரசின் சுகாதாரக் குழு சுதேச வைத்தியத்தையே ஒழிக்கும் தீர்மானத்தை எடுத்தது. மார்ச் 17ஆம் திகதி வைத்தியர்கள் ஷங்காயில் கூடி எதிர்த்ததன்பின் அரசு பின்வாங்கியது. 1949க்குப் பின் வந்த கம்யூனிச அரசுக்குக் கோடிக்கணக்கான மக்கள் இருந்தார்கள்; நவீன வைத்தியர்களோ மிகச் சிலர். இந்த நெருக்கடியிலிருந்தே 1956இல் பீக்கிங், ஷங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் நான்கு கல்லூரிகள் எழுந்தன. தம்முள் முரண்பட்ட பல பரம்பரைகள் பாடநூலுக்காகச் செதுக்கப்பட்டு ஒரே முறையாயின. 1971இல் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ற்றன், பின்னர் வந்த வயிற்று உபாதைக்கு ஊசி குத்தப்பட்டதை நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். சத்திரசிகிச்சை வழமையான விறைப்பு மருந்தோடுதான் நடந்தது. ஊசியால் விறைக்கச்செய்து வெட்டினார்கள் என்றே பலர் இன்றும் சொல்கிறார்கள்.

ஆகவே நண்பர் கண்டது மாறாத பழமையையல்ல. இருபதாம் நூற்றாண்டின் அரசொன்று தெரிந்தெடுத்துக் கட்டியமைத்த பழமையை. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தெரிந்தெடுத்தலும் சோதித்தலும் இல்லாமல் எந்த மரபும் பயன்தராது. து யூயூ 1971இல் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, நாலாம் நூற்றாண்டின் கெ ஹொங், இலையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைக் கவனித்தார். சூடு மருந்தை அழிக்கிறதோ என்று ஐயுற்று, தாழ்ந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஏட்டை வணங்கியதால் வந்ததல்ல இது; ஏட்டைக் கேள்வி கேட்டதால் வந்தது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கு மருந்துண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாகின. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. அது சீனப் பரியாரியின் மருந்தல்ல, அங்குள்ள கிளினிக் ஒன்றின் கலவை. அதில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரால் நெருங்கிய குவாங் ஃபாங்ஜி சேர்ந்துவிட்டது. அது அரிஸ்டொலோக்கியா இனத்தது. பிரித்தானியா அவ்வினத்தை 1999இல் தடைசெய்தது. நமது ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்தவை என்பதை எத்தனைபேர் அறிவோம்?

'கைவிட்டுவிட்டோம்' என்பதும் பாதி உண்மையே. சீனத்தில் ஒழிப்புத் தீர்மானம் வந்த அதே 1929இல் கொழும்பில் ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் கற்பிக்கும் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் பிரிவு தொடங்கியது. சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளில் தொக்கணமும் சுட்டிகையும் கொம்புகட்டலும் உண்டு. சீனரின் பிடித்துவிடலுக்கும் சூட்டுக்கும் குவளைக்கும் இவை ஒன்றுவிட்ட சகோதரங்கள். நமக்கு இல்லாதது மரபல்ல, அதைச் சோதித்த பதிவு. 1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏடுகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் இலண்டன் வீடுகளின் பின்னறைகளில் நம் தாய்தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். எந்த இலை, ஊரில் என்ன பெயர், தாவரவியலில் என்ன பெயர், எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது, யாருக்குச் சுகம் வரவில்லை என்று கேட்டு எழுதத் தொடங்கலாம். கடைசிக் கேள்வியைத்தான் நாம் இதுவரை கேட்டதில்லை.